பங்குக் கோயில் பதிவேட்டில் ஓட்டனாரைத் தேடியபோது

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் தவறான குழந்தை ஒன்றை என் ஓட்டனார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டனார் என்றால் தாத்தாவுக்குத் தாத்தா. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணிக்கொண்டு போகிற வரிசையில் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நினைவு எட்டிய கடைசி மனிதர் அவர்தான். தந்தைவழிக் குடும்பத்தின் பழைய பங்குக் கோயிலில் அனுமதி பெற்று ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோது, அவருடைய பெயரும் தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் ஊரும் அப்படியே பொருந்திய ஒரு வரி 1842-ஆம் ஆண்டில் கிடைத்தது. நான்கும் பொருந்திய பிறகு ஐயம் எதற்கு என்று அந்தத் தேதியை வம்ச வரைபடத்தில் மையால் எழுதி, உறவினர்களுக்கெல்லாம் படியெடுத்தும் அனுப்பிவிட்டேன். அந்த வரியில் இருந்தது அவர் இல்லை என்பதையும், அது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கோயில் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயரைத்தான் தேடுகிறார்கள், அந்த ஏடுகளில் மிகவும் பலவீனமான சான்று பெயர்தான்.

ஓட்டனாரின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவருடைய வம்சத்தில் அதே பெயரோடு இன்றும் சிலர் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவே சிக்கலின் வேரும்கூட. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், அதுவே வழக்கில் பேரன் ஆயிற்று என்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் நம் குடும்பங்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும், தகப்பன் பெயரும் அதே முறையில் திரும்பி வரும். இன்னாருக்கு மகன் இன்னார் என்ற சோடி அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து எழுத்துப் பிசகாமல் மறுபடி வந்து நிற்பதைப் பார்க்கிறவர் இருவரையும் ஒருவராக்கிவிட வாய்ப்பு உண்டு. அண்ணன் தம்பிகள் மூவரும் தத்தம் மூத்த மகனுக்கு ஒரே பாட்டன் பெயரைச் சூட்டியிருந்தால் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், அதே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள்.

இதோடு மொழியும் சேர்ந்துகொள்ளும். கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் இலத்தீனில் எழுதுவார், போர்ச்சுகீசியப் பாதுகாப்பின் கீழ் இருந்த பதுரவாதோ கோயில்களில் போர்ச்சுகீசியத்தில் எழுதுவார், குரு வராத காலத்தில், அவருக்குத் துணையாக ஊரில் வேதம் கற்பிக்கும் உபதேசியார் தமிழில் எழுதுவார். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ் ஆவார். அருளப்பன் யோவான்னெஸ் ஆவார். முடியப்பன் ஸ்தெஃபானுஸ், சூசை யோசெஃபுஸ், யாகப்பன் யாக்கோபுஸ். இந்தச் சோடிகள் தெரியாமல் ஏட்டைத் திறந்தால், தேடுகிறவர் கண்ணெதிரிலேயே இருந்தும் அடையாளம் தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். சீர்திருத்தச் சபைகளில் இந்த ஒரு தொல்லை குறைவு; அங்கே பேதுரு பேதுருவாகவே இருப்பார். ஆனால் மிஷனரி தம் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ எழுதிய தமிழ்ப் பெயரைத் திரும்பத் தமிழாக்குவது தனி வித்தை.

1842-ஆம் ஆண்டின் அந்த வரி தமிழில்தான் இருந்தது. உபதேசியார் கை என்று நினைக்கிறேன். ஓலையில் எழுதிப் பழகியவர் காகிதத்தில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது: மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை, காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கின்றன. ஆண்டு ௲௮௱௪௰௨ என்று தமிழ் எண்களில் இருந்தது. ஆயிரம், எட்டு நூறு, நான்கு பத்து, இரண்டு என்று இடமதிப்பு இல்லாமல் எழுதும் பழைய முறை அது. ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும், ௰ யகரம் போலவும் இருப்பதால் முதல் நாள் நான் அதை ஏதோ சொல் என்று எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றேன். அதன் கீழேயே ‘சுபகிருது ௵ ஆடி ௴ ௰௨ ௳’ என்று நாளும் இருந்தது. ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள். இந்தக் குறிகளைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும், அதன் பிறகு பாதி ஏடு தானாகத் திறந்துகொள்ளும்.

தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதால் சுபகிருது என்ற சொல் மட்டும் இருந்தால் அது 1782-ஆகவும் இருக்கலாம், 1842-ஆகவும் இருக்கலாம், 1902-ஆகவும் இருக்கலாம். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனிப் பதிவுகளுக்கு ஆங்கில ஆண்டை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். தென்கோடியில் கொல்லம் ஆண்டும் வழக்கில் இருந்தது. ஆவணியில் தொடங்கும் அந்த ஆண்டோடு மார்கழிப் பாதி வரை 824-ஐயும் அதன் பிறகு 825-ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும். எனக்கு வாய்த்த உபதேசியார் கிறிஸ்து ஆண்டு, தமிழ் ஆண்டு என்று இரண்டு முறையிலும் எழுதி வைத்த புண்ணியவான். ஆடி 12 என்பது அவ்வாண்டு ஜூலை மாதக் கடைசி வாரத்தில் விழுகிறது. எல்லாம் ஒத்துப்போயிற்று, நானும் ஏமாந்தேன்.

உண்மை வெளிப்பட்டது அடக்கப் பதிவேட்டில். ஓட்டனாரின் தாயார் எப்போது இறந்தார் என்று தேடிக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு குழந்தையின் அடக்கம். அதே பெயர், அதே தகப்பன், வயது எட்டு மாதம், காரணம் வாந்திபேதி. நான் இரண்டு ஆண்டுகளாக ஓட்டனார் என்று கொண்டாடிய குழந்தை நடக்கவே கற்றுக்கொள்ளவில்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த மகனுக்கே வைப்பது, அதுவும் பாட்டன் பெயராக இருந்தால் கட்டாயம் வைப்பது, அக்காலத்தில் சாதாரணம். மறுபடி ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போனேன். 1844-இல், இந்த முறை இலத்தீனில், அதே பெற்றோருக்கு அதே பெயரில் இன்னொரு மகன் இருந்தான். இலத்தீன் வடிவத்தை முன்பு நான் தேடியிருக்கவில்லை என்பதும், முதல் வரி கிடைத்ததுமே தேடுவதை நிறுத்திவிட்டேன் என்பதும்தான் தவறு. ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தால் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பதை இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

ஆனால் 1844-இன் குழந்தைதான் எங்கள் ஓட்டனார் என்பதற்கு என்ன உறுதி? அதே பெயரில் அவருடைய பெரியப்பா மகனும் அந்த ஊரில் இருந்திருக்கிறார். இங்கேதான் பெயரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்க்க வேண்டியதாயிற்று.

கத்தோலிக்கப் பதிவேடுகள் இவ்வளவு விவரமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு நவம்பரில் திருமணம் பற்றி விதித்த ஒழுங்குகளில், பங்குக் குரு மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்றும், ஞானஸ்நானம் கொடுக்கும்போது, குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயர்களை எழுத வேண்டும் என்றும் இருந்தது. மக்களின் வரலாற்றைக் காப்பது அதன் நோக்கமன்று. யாரை யார் மணக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். ஞானத்தகப்பன் ஞானத்தாய் ஆவதாலும் ஓர் உறவு உண்டாகித் திருமணத்துக்குத் தடையாகும் என்று திருச்சபை கருதியதால், அந்தப் பெயர்கள் ஏட்டில் இருந்தாக வேண்டும். 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, பங்கிலுள்ள ஆன்மாக்களின் நிலை என்று ஐந்து ஏடுகளை வரையறுத்தது. கடைசியாகச் சொன்னதுதான் இன்று பல பங்குகளில் குடும்பப் பதிவேடாக இருக்கிறது. எங்கள் பங்கில் அதன் பழைய சுவடி ஒன்றில் ஓட்டனாரின் தம்பி பெயருக்கு எதிரே ‘கண்டி’ என்று ஒரே சொல் எழுதியிருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை ஊரில் கண்டிக்குப் போனவர்கள் என்றுதான் சொல்வார்கள். அவரைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரியும் எங்கும் இல்லை.

1842-இன் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் உபதேசியார். குழந்தை உயிருக்கு ஆபத்தான நிலையில் அவரே அவசர ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது பிறகுதான் புரிந்தது; மூன்று மாதம் கழித்துக் குரு வந்தபோது மீதிச் சடங்குகளை நிறைவு செய்ததாக இன்னொரு வரியும் இருக்கிறது. ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவு இருப்பதை இரட்டைப் பிள்ளைகள் என்று எண்ணிக் குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1844-இன் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக இருந்தவரோ வேறு ஒருவர், அவர் பெயருக்குப் பின்னால் ‘அவுங்குலுஸ்’ என்று இருந்தது. இலத்தீனில் தாயின் உடன்பிறந்தான் அவுங்குலுஸ், தந்தையின் உடன்பிறந்தான் பத்ருவுஸ். மாமனையும் சித்தப்பாவையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும் ஆங்கிலத்தைவிட இந்த இடத்தில் இலத்தீன் நமக்கு நெருக்கமான மொழி. ஆக, தாய்மாமன் ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறார்.

இதை எழுதிக்கொண்டு திருமணப் பதிவேட்டுக்குப் போனேன். 1866-இல் ஓட்டனாரின் திருமணம். மணமகளின் தகப்பனார் பெயரைப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: 1844-இல் குழந்தையை ஏந்திய அதே தாய்மாமன். கீழே, மூன்று ஞாயிறு ஓலை வாசித்த, அதாவது திருமணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவித்த, குறிப்புக்குப் பக்கத்தில், இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு விலக்குப் பெறப்பட்டது என்று இலத்தீனில் சுருக்கமாக ஒரு வரி. பழைய திருச்சபைக் கணக்கில் உடன்பிறந்தோர் முதல் படி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டாம் படி. நமக்கு முறைப்பெண்ணாக இருப்பவள் திருச்சபைச் சட்டத்துக்குத் தடைப்பெண். ஆகவே மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கிற ஒவ்வொரு கத்தோலிக்கத் தமிழனும் விலக்குக் கேட்டாக வேண்டியிருந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புக்கு முன்னால் இந்தத் தடை நான்காம் படி வரை நீண்டதால், தூரத்து முறைகள்கூட ஏட்டில் பதிவாகியிருக்கின்றன. பெரியப்பா மகனின் திருமணத்தில் இப்படி எந்த விலக்கும் இல்லை, மாமனார் பெயரும் வேறு. இரண்டு பேரும் அதோடு பிரிந்தார்கள். நம் மண முறையும் ரோமாபுரிச் சட்டமும் முட்டிக்கொண்ட இடத்தில்தான் என் குடும்பத்தின் ஆதாரம் கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

ஞானத்தகப்பன் மகளை மணப்பது முறையா என்று யாராவது கேட்பார்கள். திரிதெந்தின் சங்கத்துக்குப் பிறகு அந்த ஞான உறவுத் தடை ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும், ஞானப்பெற்றோருக்கும், குழந்தைக்கும், குழந்தையின் பெற்றோருக்கும் இடையில் மட்டும் நின்றுவிட்டது, பிள்ளைகளுக்குப் பரவாது.

20-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருந்து பின்னோக்கி வருகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 1908-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தேமேரே’ என்னும் ஆணைப்படி, ஒருவர் எங்கே மணந்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, ஞானஸ்நான வரியின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். என் தாத்தாவின் தங்கை எங்கே மணமாகிப் போனார் என்று நாற்பது ஆண்டுகளாக வீட்டில் நடந்த வாதத்தை ஓரக்குறிப்பு ஒன்று முடித்துவைத்தது. ஓரங்களை வெட்டிவிட்டுப் படமெடுத்தவர்கள் அனுப்பும் நகல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எந்தக் கோயிலில் தேடுவது என்பது தேடுவதைவிடக் கடினமான கேள்வியாகச் சிலருக்கு அமையும். முத்துக்குளித்துறையில் பரதவர் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றார்கள், சவேரியார் 1542-இல் அங்கே வந்தார். ஆனால் அந்தத் தலைமுறையின் பெயர்ப் பட்டியல் கையில் கிடைக்கும் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இயேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டு, 1830-களின் பிற்பகுதியில்தான் புதிய மதுரை மிஷன் தொடங்கியது. இடைப்பட்ட காலத்துப் பதிவுகள் இருக்கும் இடத்தில் இருக்கும், இல்லாத இடத்தில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பதுரவாதோ குருக்களுக்கும் ரோமாபுரியில் மறைபரப்புப் பணியைக் கவனித்த பிரப்பகாந்தா சபை அனுப்பிய குருக்களுக்கும் அதிகாரப் போட்டி நடந்த ஊர்களில் ஒரே தெருவுக்கு இரண்டு கோயில், இரண்டு பதிவேடு. 1886-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை ஒரு கோயிலிலும் இளைய பிள்ளை அடுத்த கோயிலிலும் ஞானஸ்நானம் பெற்றிருப்பது வியப்பன்று. மதுரை மிஷனின் பழைய ஆவணங்களுக்குக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையாரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பங்கின் ஏடுகள் பெரும்பாலும் பங்கிலேயேதான் இருக்கும்.

தாய்வழிக் குடும்பம் எனக்குச் சீர்திருத்தச் சபை. அங்கே முதலில் எந்த மிஷன் என்று தெரிந்தாக வேண்டும்: தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706-இல் இறங்கி அடுத்த ஆண்டே முதல் ஞானஸ்நானங்களைக் கொடுத்தார்கள், அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன, நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரையில் 1834 முதல் அமெரிக்க மிஷன், திருநெல்வேலியில் இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள் அருகருகே. பாளையங்கோட்டைச் சபையில் 1778-இல் குளோரிந்தா என்னும் பிராமணக் கைம்பெண் ஞானஸ்நானம் பெற்ற பிறகு, 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். ஒரு பெரிய திருமண்டலத்தின் தொடக்கம் ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன்.

அத்தகைய பழைய சபைகளில் பெரியவர்களின் ஞானஸ்நானப் பதிவில் முந்தைய பெயரும் சேர்த்து எழுதியிருந்தால் அது பொற்குவியல். ஆனால் ஒரு குடும்பம் சபையில் சேர்ந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும் ஒன்றல்ல. ஆயத்தக்காரராகவே பல ஆண்டுகள் இருந்தவர்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தவர்களின் ஞானஸ்நானங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் சிதறிக் கிடக்கும். இந்தப் பதிவுகளில் சாதியும் எழுதப்பட்டிருப்பதுண்டு, தகப்பன் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருப்பதும் உண்டு. பங்குத்தந்தையோ சேகர குருவானவரோ ஏட்டைக் காட்டத் தயங்கினால் அதற்கு இதுவும் ஒரு காரணம், நியாயமான காரணமும்கூட. அடுத்த வீட்டாரின் வரியைப் படித்துவிட்டு ஊரில் சொல்லித் திரிகிறவனுக்கு இந்த வேலை ஆகாது.

கோட்டைக்குள் இருக்கும் சென்னை புனித மரியாள் ஆலயம் 1680-இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் திருமணம் அவ்வாண்டே எலிகு யேலுக்கு நடந்தது, 1753-இல் ராபர்ட் கிளைவும் அங்கேதான் மணந்தார். சென்னை மாகாணத்தின் இத்தகைய பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன என்றாலும், அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களைப் பற்றியவை. தமிழ்க் குடும்பங்களுக்கு அதைவிடப் பயன்படுவது 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். அதன்படி திருமணப் பதிவுகளின் நகல்கள் அரசுப் பதிவாளருக்குப் போக வேண்டும் என்பதால், கோயில் ஏடு செல்லரித்துப் போனாலும் ஒரு வழி மிஞ்சும். ஃபேமிலிசர்ச் என்னும் வம்சாவளி இணையதளத்தில் இந்தியப் பதிவுகளின் அட்டவணை ஓரளவு இருக்கிறது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு சிதைந்திருப்பதால் தகப்பன் பெயரை விட்டு ஊர்ப் பெயரைக் கொண்டு தேடுவது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். அடக்கப் பதிவேட்டில் நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்களாகவே பெரியவர்கள் இறந்திருப்பார்கள். ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாகவும் கொள்ள முடியாது. குரு ஆண்டுக்கு இரண்டு முறை வந்த கிளைக் கோயிலில் ஒரே நாளில் முப்பது குழந்தைகள், அவற்றில் சில நடக்கத் தொடங்கியவை.

எங்கள் பங்கின் 1840-களின் ஏட்டில் இரும்பு மை காகிதத்தைத் தின்றிருக்கிறது. எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. பின்பக்கம் வெள்ளைத் தாள் வைத்தால்தான் படிக்க முடிகிறது. தொட்டால் உதிரும் என்பதால் பக்கத்தை நான் திருப்புவதில்லை, கோயில்பிள்ளைதான் திருப்புவார், நான் படமெடுப்பேன். பங்குத்தந்தை விதித்த ஒரே நிபந்தனை, எடுத்த படங்களைக் கொண்டு அந்தப் பத்தாண்டுக்கு ஓர் அட்டவணை செய்து கோயிலுக்குத் தர வேண்டும் என்பது. இப்போது 1847 வரை வந்திருக்கிறேன். ஞானப்பெற்றோருக்கென்று தனிப் பத்தி வைத்து எழுதுகிறேன். எங்கள் தாய்மாமன் இதுவரை பதினொரு குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றிருக்கிறார்.

உறவினர்களுக்குத் திருத்தம் அனுப்பியாயிற்று. பழைய வரைபடத்தில் 1842 என்று மையால் எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு கோடு கிழித்து 1844 என்று எழுதினேன். இரண்டுக்கும் மேலே ஒரே பெயர் இருக்கிறது, முதலாவதற்குக் கீழே எட்டு மாதம் என்று.